வெள்ளைக் களிமண்ணுக்குக் கீழே

“இன்னொரு ராடு மாட்டு!”

போர்வண்டிக்காரன் ஊசி கத்தியது யார் காதிலும் விழவில்லை. கம்ப்ரஸர் போட்ட கூச்சலில் சரிவே நடுங்கிக்கொண்டிருந்தது. அவன் ஒற்றை விரலை உயர்த்திக் காட்டினான். ராடு மாட்டுகிறவர் தலையாட்டிவிட்டு அடுத்த இரும்புக் கம்பியைச் சங்கிலியில் கோத்துத் தூக்கினார். துளையிலிருந்து சாம்பல் நிறச் சேறு பீய்ச்சியடித்து, சுற்றி நின்றவர்களின் சட்டை, சேலை, மூக்குக்கண்ணாடி என்று பாரபட்சம் பார்க்காமல் பூசிவிட்டது. யாரும் விலகவில்லை. மேல்தெருவே அங்கேதான் நின்றது.

கீழே, சரிவில், ஓர் உருவம் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் ஆட்டிக்கொண்டு ஓடி வந்துகொண்டிருந்தது. யாரென்று ஊசி உற்றுப் பார்க்கத் தேவையில்லை. அந்த ஏற்றத்தை ஓடியே ஏறுகிற ஒரே ஆள் அவன் மனைவியின் தங்கைதான்.

“சீக்கிரம்! டாக்டர் வர்றதுக்குள்ள முடிச்சாகணும்!” என்று ஊசி மறுபடி கத்தினான்.

டாக்டர் என்றால் நாக்கை நீட்டச் சொல்கிற டாக்டர் இல்லை. மலையின் நிலத்தடி நீரை ஆராயும் நிலையத்தில் அவளுக்கு வேலை. சரிவெங்கும் கம்பிகளை நட்டு, வயர் இழுத்து, மண்ணுக்குள் மின்சாரம் பாய்ச்சி, உள்ளே தண்ணீர் எங்கே இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பாள். “மலைக்கு ஈ.சி.ஜி. எடுக்கறாங்க” என்று தெருவில் யாரோ கிளப்பிவிட, அன்றிலிருந்து அவள் தண்ணி டாக்டர். அவள் அக்காள் கணவன்தான் இந்தப் போர்வண்டிக்காரன். நெடுநெடுவென்ற ஒல்லி உடம்புக்கும், பூமியில் துளை போடும் தொழிலுக்கும் சேர்த்து அவனுக்கு ஊசி என்று பெயர். “டாக்டர் சொல்லாம ஊசி போடக்கூடாதுப்பா” என்பது மேல்தெருவில் தேய்ந்துபோன ஜோக்.

இன்றைக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தது டாக்டர் சொல்லாமல்தான்.

மேல்தெருவுக்கு இருந்தது ஒரே ஊற்று. பாறை இடுக்கிலிருந்து மணிக்கட்டு பருமனில் கொட்டிக்கொண்டிருந்த தண்ணீர், வருஷா வருஷம் இளைத்து விரல் பருமனாகி, இந்தக் கோடையில் பென்சில் அளவுக்கு வந்து நின்றது. விடிவதற்கு முன்பே வாளிகளும் கேன்களும் வரிசையில் உட்கார்ந்துவிடும். ஒரே சுவரைப் பங்கு போட்டு வாழ்ந்த பக்கத்து வீடுகள், ஒரு கேன் முன்னால் நகர்ந்ததற்காகப் பேச்சை நிறுத்திக்கொண்டன. ஊசியின் மனைவி வைத்திருந்த நாற்றுப் பண்ணையில் தட்டுத் தட்டாகச் செடிகள் தலையைத் தொங்கப் போட்டிருந்தன.

சரிவில் போர் போட அனுமதி கிடையாது. ஆனால் இன்று அதிகாரிகள் எல்லாரும் வெளியூரில் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தார்கள். தெருச் சங்கத்தின் தலைவரான மருந்துக்கடைக்காரர்தான் அந்தச் செய்தியைக் கொண்டுவந்தார். “நம்ம கையில வண்டி இருக்கு, ஆள் இருக்கு. இன்னைக்கு விட்டா இனிமே கிடையாது ஊசி. உன் தெருவுக்கு நீ பண்ணாம யார் பண்ணுவா?” என்று தோளில் தட்டினார். தோளில் தட்டினால் ஊசி மலையையே தூக்குவான்.

டாக்டர் வந்து சேர்ந்தாள். மூச்சு வாங்கக்கூட நிற்கவில்லை. நேராக வண்டிக்குப் போய்ச் சிவப்புப் பொத்தானை உள்ளங்கையால் அடித்தாள். கம்ப்ரஸர் ஒரு முறை இருமிவிட்டு அடங்கியது. திடீரென்று விழுந்த அமைதியில் எல்லாருக்கும் காது ரீங்கரித்தது.

“ஏம்மா, ஓடற வண்டியில கை வைக்கறது என்ன பழக்கம்?” என்றார் மருந்துக்கடைக்காரர்.

அவள் காதில் வாங்கவில்லை. குனிந்து துளையோரச் சேற்றை அள்ளினாள். சாம்பல் சேற்றுக்கு நடுவே, மாவு போல வழுவழுவென்று வெள்ளை. இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்தாள். ஒட்டிக்கொண்டது.

“அத்தான், இந்த வெள்ளைக் களிமண் எப்போலேர்ந்து வருது?”

“இப்பதான். அரை ராடு போயிருக்கும்.”

“அதுக்கு மேல தண்ணி வந்துச்சா இல்லையா?”

“வந்துச்சு. நிமிஷத்துக்கு ஒரு வாளி. வெளிய சொன்னா வெட்கக்கேடு.”

“அது போதும். இதோட நிறுத்துங்க. அடியில சிமெண்ட் போட்டு அடைச்சிட்டு அந்த ஒரு வாளியை எடுத்துக்கோங்க. நாள் பூரா சேர்த்து வெச்சா தெரு முழுக்கக் குடிக்கக் காணும். அனுமதிக்கு நானே நடையா நடக்கறேன்.”

கூட்டத்தில் ஒருவர் சிரித்தார். “ஒரு வாளிக்கா இவ்ளோ பெரிய வண்டி? இதுக்கு ஊசி எதுக்கு, ஸ்பூன் போதுமே!”

ஊசிக்கு முகம் சுருங்கியது. தோண்டிக் கொடுத்த துளையில் தண்ணீர் போதவில்லை என்று ஒருவர் சொல்லிவிட்டால், எந்தப் போர்வண்டிக்காரனுக்கும் அன்றைக்குச் சோறு இறங்காது. அதுவும் சொந்தத் தெருவில், சொந்தச் சனத்துக்கு முன்னால்.

“இங்க பாரு டாக்டர்” என்றான், எல்லாருக்கும் கேட்கும்படி. “நான் சமவெளியில எத்தனை போர் போட்டிருக்கேன்னு எனக்கே தெரியாது. களிமண் வந்தா எங்களுக்கெல்லாம் குஷி. அது மூடி மாதிரி. மூடியைத் திறந்தா அடியில நெருக்கிக்கிட்டு இருக்கற தண்ணி குதிச்சுக்கிட்டு மேல வரும். களிமண்ணைப் பாத்து நிறுத்துன ஒரே ஒரு போர்க்காரனைக் காட்டு, நான் தொழிலை விட்டுடறேன்.”

“சமவெளியில அது மூடி, அத்தான். இங்க அதுதான் அடித்தட்டு. மலையோட தண்ணி அதுமேலதான் உக்காந்திருக்கு, சாய்வாப் போய் ஊத்துல வருது. கீழ வெறும் வெடிச்ச பாறை. ஒரு சொட்டு கிடையாது.”

“நீ உள்ள போய்ப் பாத்தியா?”

“கருவி வெச்சுப் பாத்திருக்கேன்.”

“ஈ.சி.ஜி.யா?” என்று யாரோ கேட்க, கூட்டம் மொத்தமும் சிரித்தது.

அவள் அக்காவின் பக்கம் திரும்பினாள். நாற்றுப் பண்ணையிலிருந்து அப்படியே வந்திருந்தவளின் விரல்களில் காய்ந்த மண். “அக்கா, நீயாவது சொல்லேன்.”

“நான் என்னத்தடி சொல்ல?” அக்காவின் குரலில் கோபம் இல்லை, களைப்புதான் இருந்தது. “நீ இத்தனை வருஷமா இந்த மலையைப் பாக்கற. ஊத்து குறையும்னு சொன்ன, குறைஞ்சுச்சு. இன்னும் குறையும்னு சொன்ன, அதுவும் ஆச்சு. நீ சொல்றது எல்லாமே சரிதான். அதனால எங்களுக்கு ஒரு வாளி தண்ணி கூட வந்துச்சா?”



அக்கா கணவனைப் பார்த்தாள். “போடுங்க” என்றாள்.

“அத்தான், ஒரே ஒரு நாள் டைம் குடுங்க. படம் போட்டுக் காட்டறேன்.”

“நாளைக்கு ஆபீசருங்க வந்துடுவாங்க, தாயி. அவங்க படமே வேற.”

பொத்தான் மறுபடி அழுந்தியது.

வெள்ளைக் களிமண் கட்டி கட்டியாக வெளியே வந்து விழுந்தது. ராடு இறங்கியது, இறங்கியது, நின்று திணறியது. பிறகு, படியில்லாத இடத்தில் கால் வைத்தவனைப் போல, சரேலென்று ஓர் ஆள் உயரத்துக்கு உள்ளே விழுந்தது. ராடு மாட்டுகிறவர் “ஐயோ” என்று கையை இழுத்துக்கொண்டார். ஊசி எஞ்சினை நிறுத்தினான்.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

தொலைவில், மண்ணுக்கு அடியில், சளசளவென்று தண்ணீர் ஓடுகிற சத்தம். சந்தேகமே இல்லை. மருந்துக்கடைக்காரர் சேற்றில் மண்டியிட்டு, துளை வாயில் இறக்கியிருந்த குழாயில் காதை வைத்தார். நிமிர்ந்தபோது அவர் கண்ணில் தண்ணீர். “ஆறுப்பா! உள்ள ஆறு ஓடுது!”

தெரு வெடித்தது. ஒருவர் ஊசியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். பேச்சை நிறுத்தியிருந்த பக்கத்து வீட்டுப் பெண்கள் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். ஒவ்வொருவராகக் குழாயில் காதை வைத்துக் கேட்டு, கேட்டதை அடுத்தவருக்குச் சொல்லி, மறுபடி போய்க் கேட்டார்கள். அக்கா சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். ஊசி மேலிருந்தபடியே மைத்துனியைத் தேடினான்.

“என்ன டாக்டர், தோத்துட்டியா?”

அவள் துளைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். எழுந்திருக்கவில்லை.

“இறங்கி வாங்க அத்தான்” என்றாள். “வந்து காதை வெச்சுப் பாருங்க. ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. இது மேல ஏறி வர்ற சத்தமா, கீழ விழற சத்தமா?”

ஊசி இறங்கினான். காதை வைத்தான். வாழ்நாள் முழுக்கத் துளைகளைக் கேட்டுப் பழகிய காது அது. ஏறி வரும் தண்ணீர் எப்படிப் பேசும் என்று அதற்குத் தெரியும். முதலில் குமுறும், பிறகு காற்றை முன்னால் தள்ளிக்கொண்டு வரும், கன்னத்தில் ஈரக் காற்று மோதும்.

இங்கே அவன் கன்னத்தில் எதுவும் மோதவில்லை. துளைதான் அவன் கன்னத்தை உறிஞ்சியது. மேலே இருந்த காற்றை உள்ளே இழுத்துக்கொண்டே, எங்கோ ஆழத்தில், தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. விழுந்த இடத்தில் தேங்குகிற சத்தம்கூட இல்லை.

அவன் எஞ்சினைப் போட்டு, அடியிலிருந்து காற்றடித்துப் பார்த்தான். வெளியே வந்தது புழுதி. காய்ந்த, சிவப்பான, பல யுகமாக ஈரத்தையே பார்க்காத புழுதி.

“என்ன ஊசி, தண்ணி எப்ப வரும்?” என்று தோளில் தட்டினார் மருந்துக்கடைக்காரர்.

மலையின் வயிற்றில் சேர்ந்திருந்தது, அவன் போட்ட ஓட்டை வழியாகப் போய்க்கொண்டிருந்தது. அவ்வளவு பேரும் அதற்குத்தான் கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.

அதற்கப்புறம் நடந்தது ஓட்டம். சிமெண்ட் கரைத்து ஊற்றினார்கள். இறுகுவதற்குள் தண்ணீர் அடித்துக்கொண்டு போய்விட்டது. களிமண்ணை உருண்டை பிடித்துப் போட்டார்கள், சரளையைக் கொட்டினார்கள், சாக்கில் மணலைக் கட்டித் திணித்தார்கள். துளை எல்லாவற்றையும் விழுங்கியது, ஏப்பம்கூட விடவில்லை. துளைக்குள் இறக்கி ஊதவைக்கும் ரப்பர் அடைப்பு இருந்தால்தான் அதை மூட முடியும்; அது டாக்டரின் நிலையத்தில் இல்லை. எங்கெங்கோ பேசி, கெஞ்சி, அவள் அதை வரவழைப்பதற்குள் நாட்கள் ஓடிவிட்டன. கடைசியில் அடைத்தார்கள். களிமண் தட்டின் உயரத்தில் ரப்பரை நிறுத்தி, மேலே சிமெண்டை நிரப்பி, நன்றாகவே அடைத்தார்கள்.

அதற்கு முந்தின நாளே ஊற்று நின்றுவிட்டிருந்தது.

பென்சில், நூலானது. நூல், பாறையில் ஓர் ஈரக் கோடானது. பிறகு வெயில் அந்தக் கோட்டையும் துடைத்துவிட்டது.

“எப்போ திரும்ப வரும்?” துளையை அடைத்த அன்றைக்கே ஊசி கேட்டான்.

“அடைப்பு நிக்குதான்னு முதல்ல பாப்போம் அத்தான்” என்றாள் டாக்டர். அவனைப் பார்க்காமல் கருவிகளைப் பையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

மேல்தெரு அவனைச் சும்மா விடுமா? தோளில் தூக்கியவர்கள்தான் முதலில் தெருவின் மறுபக்கம் நடந்தார்கள். “டாக்டர் வேணாம்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டா. இவன்தான் கேக்கலை. ஊசி போட்டு மலையைச் சாகடிச்சுட்டான்” என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொன்னவர் வேறு யாருமில்லை, மருந்துக்கடைக்காரர்தான். “அன்னைக்கே எனக்குச் சந்தேகம்தான்” என்றும் ஒரு துணுக்கைச் சேர்த்துக்கொண்டார்.

ஊசி எதிர்த்துப் பேசவில்லை. வண்டியைத் தார்ப்பாய் போட்டு மூடினான். கடப்பாரையையும் மண்வெட்டியையும் எடுத்துக்கொண்டு மலை முகட்டுக்குப் போனான். மழைத் தண்ணீர் உள்ளே இறங்கச் சரிவுக்குக் குறுக்கே குழி வெட்டலாம் என்று மைத்துனி எப்போதோ கூட்டம் போட்டுச் சொன்னபோது, கடைசி வரிசையில் உட்கார்ந்து கொட்டாவி விட்டவன் அவன். இப்போது அவளிடம் போய், “எங்க வெட்டணும்? கோடு போட்டுக் குடு” என்றான். அவள் சுண்ணாம்புத் தூளால் கோடு போட்டாள். வெட்டினான்.

சில நாள் கழித்து அக்கா ஒரு கூடையோடு வந்து, அவன் வெட்டிய மண்ணை அள்ளிக் கொட்டத் தொடங்கினாள். ‘போடுங்க’ என்று சொன்ன வாய் அதற்கப்புறம் அவனைக் குறை சொல்லவே இல்லை. அதுதான் அவனுக்குத் தாங்கமுடியாமல் இருந்தது.

இதைப் பார்த்துத் தெருவில் இன்னும் சிலர் வந்தார்கள். யார் கண்டது, மனசு மாறினால் மலையும் மாறுமோ என்று ஒரு நப்பாசை. குழிகள் முகட்டை ஒட்டி வரிசையாக நீண்டன. வேலைக்கு நடுவே ஊசி மறுபடியும் கேட்டான். “இவ்வளவு வெட்டிட்டோமே. எப்போ வரும்?”

“இன்னும் அந்தப் பக்கம் ஒரு வரிசை பாக்கியிருக்கு” என்றாள் டாக்டர்.

மழை வந்தது. வந்த மழையைச் சொல்ல வேண்டும். முன்பெல்லாம் அந்த மலையில் மழை என்றால் வாரக்கணக்கில் நின்று தூறும். துணி காயாது, சுவர் வியர்க்கும், மண் மெதுவாக, மெதுவாகக் குடிக்கும். இப்போது வந்ததோ ஒரே ஒரு பகல். வானத்தில் யாரோ தொட்டியைக் கவிழ்த்த மாதிரி கொட்டியது. தெருவில் செம்மண் வெள்ளம் முழங்காலுக்கு ஓடியது. குழிகள் நிரம்பின, அடுத்த நிமிஷமே சேற்றால் மூடிக்கொண்டன. வெயில் அடித்தபோது மலையின் தோல் உரிந்திருந்தது. தண்ணீர் முழுக்கக் கீழே ஆற்றுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

இருந்தாலும் தெரு சந்தோஷப்பட்டது. “இவ்ளோ மழை பெஞ்சிருக்கு, இனிமே பாருங்க” என்றார்கள். பார்த்தார்கள். வாளிகளை மறுபடி ஊற்றடியில் வைத்துக் காத்திருந்தார்கள். பாறை இடுக்கில் ஒரு பல்லி வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனது.

ஒவ்வொரு வீடாகப் பூட்டு தொங்க ஆரம்பித்தது. மருந்துக்கடைக்காரர் கடையைக் கீழூருக்கு மாற்றினார். அந்தத் தெருவுக்கு அதற்கப்புறம் தலைவலி மாத்திரை வேண்டுமென்றாலும் ஒரு மணி நேரம் இறங்க வேண்டும். அக்கா காய்ந்த நாற்றுத் தட்டுகளை அடுக்கிக் கட்டினாள். பிழைத்திருந்த கொஞ்சச் செடிகளைப் போகிற வருகிறவர்களுக்குக் கொடுத்தாள். “வெச்சுக்கோங்க. தண்ணி இருக்கற இடத்துக்குத்தானே போறீங்க” என்றாள்.

அந்தச் சமயத்தில்தான் பக்கத்து மலை ஏறும் பாதையில் ஒரு போர்வண்டி உறுமிக்கொண்டு வந்தது. ஊசி கடப்பாரையோடு நடுப்பாதையில் போய் நின்றான். வண்டி நின்றது. ஓட்டி வந்தவன் பழைய கூட்டாளி. சமவெளியில் இருவரும் ஒன்றாகத் தொழில் பழகியவர்கள். ஊரில் அவனைக் குண்டு என்பார்கள்.

“என்னடா ஊசி, வழிப்பறியா?” என்று சிரித்தான் குண்டு.

“திருப்பிக்கிட்டுப் போயிடுடா. இந்த மலையில போடாத.”

“இந்த மலை ஊர்க்காரங்க ஊத்து நின்னுபோச்சாம். கூப்பிட்டாங்க, வந்தேன்.”

“ஆழமாப் போனா தண்ணி வரும்னு நம்பித்தான்டா நானும் போட்டேன். களிமண்ணுக்குக் கீழ ஒண்ணுமே இல்ல. எவ்வளவு வேணாலும் ஆழமாப் போகலாம், அதுக்கு வண்டி இருக்கு, வீரம் இருக்கு. தண்ணி இருக்கணுமே! பூமிக்குள்ள இருக்கறது என் தெரு தண்ணி, உன் தெரு தண்ணின்னு பிரிச்சு வெக்கலடா. ஒருத்தன் போடற ஓட்டை எல்லாருக்கும் சேர்த்துப் போடற ஓட்டை. படிச்சுப் பாத்து ஒருத்தர் நிறுத்துன்னு சொன்னா, நிறுத்தணும். நான் நிறுத்தல. அவ்வளவுதான், என் கதை.”

குண்டு கொஞ்ச நேரம் ஸ்டியரிங்கில் விரலால் தாளம் போட்டான். அவன் முகத்தில் சிரிப்பு போயிருந்தது. வண்டியைத் திருப்பவும் இல்லை.

“ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காத” என்றான். “அன்னைக்கு உன் வண்டிக்கு முன்னால ஒருத்தன் இப்படி வந்து நின்னு பேசியிருந்தா, நீ கேட்டிருப்பியா?”

  பொய் சொல்ல ஊசிக்கு அப்போது தெம்பில்லை. ஒதுங்கினான். வண்டி அவனைக் கடந்து ஏறியது.

கடைசியில் அவன் வீட்டு வாசலிலும் ஒரு லாரி வந்து நின்றது. கட்டில், பீரோ, பாத்திரங்கள், நாற்றுத் தட்டுகள் எல்லாம் ஏறிவிட்டன. ஏறாதது ஊசி மட்டும்தான். அவனைத் தேடிக்கொண்டு அக்காவும் தங்கையும் முகட்டுக்குப் போனார்கள். மூடிப்போன குழியைத் திரும்ப வெட்டிக்கொண்டிருந்தான். உதடு வெடித்திருந்தது. ஒரு பாட்டில் தண்ணீரை வைத்துக்கொண்டு நாளை ஓட்டிக்கொண்டிருந்தான்.

“வாங்க. லாரிக்காரர் கத்தறாரு” என்றாள் மனைவி.

“நீ போ. நான் வரல.”

“வராம? இங்க யாரு இருக்கா உங்களுக்கு?”

“ஊத்தை நிறுத்துனது நான். ஊத்து திரும்ப வர்ற அன்னைக்கு நான் இங்க இருக்கணும். வந்த அன்னைக்கு உனக்குச் சொல்லி அனுப்பறேன்.”

“பைத்தியமா பிடிச்சிருக்கு? குடிக்க என்ன பண்ணுவீங்க?”

“அது என் பாடு.” அவன் மண்வெட்டியால் ஓங்கி வெட்டினான். “இன்னும் ரெண்டு மழை, மூணு மழை. வந்துடும். என்ன டாக்டர், வந்துடும்ல? நீ சொல்லு. எப்போ வரும்?”

டாக்டர் மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இந்த முறை அவளுக்கு மூட ஒரு பை இல்லை, காட்ட இன்னொரு வரிசை இல்லை.

“மண்வெட்டியைக் கீழ போடுங்க அத்தான். சொல்றேன்.”

அவன் போட்டான்.

“தண்ணிக்கு வயசு பாக்கலாம். உள்ள எத்தனை காலம் இருந்துச்சுன்னு, அதுல கரைஞ்சிருக்கறதை வெச்சு ஆய்வுக்கூடத்துல சொல்லிடுவாங்க. நம்ம ஊத்துத் தண்ணியை, அது ஓடிக்கிட்டு இருக்கும்போதே அனுப்பிப் பாத்தேன்.”

“எவ்வளவு?”

“நான் கூட இந்த வருஷம் பெய்யற மழை அடுத்த வருஷம் ஊத்துல வருதுன்னுதான் நினைச்சேன். இல்ல அத்தான். நாம புடிச்சுக் குடிச்சது, உங்க தாத்தா பொறக்கறதுக்கு முன்னால பெஞ்ச மழை. அந்தச் சாரல் முகட்டுல இறங்கி, நூலு நூலாக் கசிஞ்சு, இவ்வளவு காலம் நடந்து நம்ம வாளிக்கு வந்துக்கிட்டு இருந்துச்சு. அதுக்குப் பின்னால பெஞ்சதெல்லாம் வழியில வந்துக்கிட்டு இருந்துச்சு. அத்தனையும் அந்த ஓட்டையில போயிடுச்சு. அது நமக்குச் சொந்தமே இல்ல. முன்னால இருந்தவங்க காலத்து மழை, பின்னால வர்றவங்களுக்குப் போற வழியில நம்ம வாசலைத் தாண்டிப் போச்சு. குடிச்சிட்டு விட்டிருக்கணும். அவ்வளவுதான் நம்ம பங்கு.”



“அது தெரிஞ்சும் எங்களைக் குழி வெட்ட விட்டியேடி” என்றாள் அக்கா.

“தெரிஞ்சிருந்தா யாராவது வெட்டியிருப்பாங்களாக்கா?”

ஊசி தன் கைகளைப் பார்த்தான். பிறகு அவன் வெட்டிய குழியைப் பார்த்தான். “அப்போ இது?” என்றான். “இதுல இறங்கற தண்ணி?”

“அடைப்பு நின்னு, குழி தூராம, சாரல் மழை பழையபடி திரும்பி வந்தா, கண்டிப்பா ஊத்துக்கு வரும் அத்தான்” என்றாள் டாக்டர். “வந்து சேர்றப்போ, ஊசின்னு ஒருத்தர் இந்தத் தெருவுல இருந்தாருன்னு தெரிஞ்ச ஒரு ஆள் கூட உயிரோட இருக்க மாட்டாங்க.”